எந்த ஊர்க் கெட்டில்

மாமா எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை அத்தை வீட்டில் அடுப்பு மேடையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கறுப்பு இரும்புக் கெட்டில் இருந்தால் ஜப்பான். ஒன்றின் தலையில் ஒன்றாக இரண்டு கெட்டில் உட்கார்ந்திருந்தால் துருக்கி. கொக்குக் கழுத்து மாதிரி நீண்ட மூக்குள்ள வெள்ளிநிறக் கெட்டிலிலிருந்து புதினா வாசம் வந்தால் மொராக்கோ. பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே சமையலறையை எட்டிப் பார்த்துவிடுவேன். புத்தகப் பையை இறக்குவதுகூட அதற்கப்புறம்தான்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கடலூர் முதுநகரில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அவர்கள் வீடு. மாமா சரக்குக் கப்பலில் சமையல்காரர். அத்தை வெளியில் சொல்லும்போது "கப்பல்ல இருக்காரு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். கேட்பவர்கள் கேப்டன் என்று எடுத்துக்கொண்டால் அதைத் திருத்துவது தன் வேலை இல்லை என்பது அவள் எண்ணம். எனக்கும் அதில் ஆட்சேபணை இருந்ததில்லை. வகுப்பில் நானே இரண்டொரு பேரிடம் மாமாவைக் கேப்டனாக்கியிருந்தேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது இரண்டாயிரத்து ஏழில், நாலாம் வகுப்புக்கு. அம்மாவுக்குத் துபாயில் நர்ஸ் வேலை கிடைத்து, அப்பாவும் கூடவே போனார். ரெண்டு வருஷம்தான், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துருவோம் என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள். அதை நம்பி நான் பல தடவை மூடித் திறந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எதிரே அத்தையின் தையல் மிஷின்தான் இருந்தது.

அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். வாயில் எப்போதும் குண்டூசி கவ்விக்கொண்டிருப்பதால் எதைக் கேட்டாலும் "ம்" என்றுதான் பதில் வரும். பாசம் இல்லாதவள் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தலை பின்னிவிடுவாள், பொரித்த மீனில் நடுத்துண்டை எனக்கு வைப்பாள். பேச்சுதான் கிடையாது. சாயங்காலம் மிஷின் நின்றதென்றால் வீட்டில் சுவர்க்கடிகாரத்தின் சத்தமும், எதிர்வீட்டு டிவியில் யாரோ அழுகிற சத்தமும்தான் கேட்கும். அந்த வீட்டில் நான் பட்ட தனிமையை யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லக்கூடிய ஆள் துபாயில் இருந்தாள். வெள்ளிக்கிழமை போனில் அம்மா "சாப்பிட்டியா" என்று கேட்பாள், "சாப்பிட்டேன்" என்பேன். அதற்குள் அவளுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடும்.

அந்த வீட்டில் சந்தோஷமான பொருள்கள் என்று இருந்தவை கெட்டில்கள் மட்டும்தான். கூடத்து ஷோகேசில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். போகிற துறைமுகத்தில் எல்லாம் மாமா ஒன்று வாங்கிவிடுவார். இத்தனை கெட்டிலுக்கு ஒரு ஜோடி வளையல் வாங்கி வந்திருக்கலாம் என்று அத்தை முதலில் முணுமுணுத்தாளாம். மாமா விடவில்லை. ஒவ்வொன்றையும் எப்படிக் கையாள வேண்டும் என்று பாடம் எடுத்திருக்கிறார். துருக்கிக் கெட்டிலில் கீழே வெறும் தண்ணீர், மேலே தூள், கீழேயிருந்து வரும் ஆவியில் மேலே உள்ளது மெதுவாக ஊற வேண்டும். எதிர்வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு இதில் புட்டு அவிக்கலாமா என்று கேட்டாள். கொழும்பில் வாங்கிய பூப்போட்ட பீங்கான் கெட்டிலுக்குக் கம்பளிக் குல்லா ஒன்று உண்டு. சூடு ஆறாமல் இருக்க அதைப் போட்டுவிட வேண்டும். மார்கழிக் குளிரில் எங்கள் தெரு வாட்ச்மேன் இருப்பது போலவே இருக்கும்.

சீனாவில் வாங்கியது மண் கெட்டில். என் கைக்குள் அடங்கிவிடும், செங்கல் நிறம். அதற்கு மட்டும் ஒரு சட்டம் இருந்தது. சோப்பு படக்கூடாது, தேய்க்கக்கூடாது, சுடுதண்ணீரில் அலசிக் கவிழ்த்துவிட வேண்டும். வருஷக்கணக்கில் டீயைக் குடித்துக் குடித்து மண் ஊறிப்போனால், பிறகு வெறும் வெந்நீர் ஊற்றினாலே டீ வாசம் வரும் என்று மாமா சொல்லியிருந்தார். அத்தைக்கு இது பெரிய சோதனை. செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதில் முகம் பார்க்கிறவள் அவள். கறை பிடித்த பாத்திரத்தை அப்படியே எடுத்து வைப்பதென்றால் அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். ஆனாலும் மாமா சொன்ன வார்த்தைக்காக அதன் மேல் கை வைத்ததில்லை. அலசிவிட்டு, உள்ளே பார்க்காமல் கவிழ்த்துவிடுவாள்.

மாமா சொல்லித்தராத வழக்கம் ஒன்றை அத்தை தானாகவே ஏற்படுத்திக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாமாவிடமிருந்து போன் வரும். உள்அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, ஷோகேசைத் திறந்து, அந்த வாரம் கப்பல் நிற்கிற ஊரின் கெட்டிலை எடுப்பாள். அடுத்த ஞாயிறு வரை சாயங்கால டீ அதில்தான். அத்தைக்குப் பால் இல்லாத டீ பிடிக்கவே பிடிக்காது. மருந்து குடிக்கிற முகத்தோடு குடிப்பாள். ஆனால் குடிப்பாள். அங்கே அவரும் இதைத்தானே குடித்துக்கொண்டிருப்பார் என்று ஒரு தடவை சொன்னாள். குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னாள் என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மாமா கொண்டுவந்த தூளெல்லாம் நான் வருவதற்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. ஜப்பானாக இருந்தாலும் துருக்கியாக இருந்தாலும் உள்ளே போவது முக்குக் கடைத் தூள்தான். மொராக்கோவுக்கு மட்டும் கொல்லைப்புறத்துப் புதினா. அதனால் என்ன, எனக்கு ஒவ்வொன்றும் வேறு ருசியாகத்தான் இருந்தது.

எனக்கு ஒரே ஒரு குறை. துபாய்க்குக் கெட்டில் இல்லை. மாமாவின் கப்பல் அந்தப் பக்கம் போனதில்லை. இருந்திருந்தால் வெள்ளிக்கிழமை தோறும் அதை மேடையில் வைக்கச் சொல்லியிருப்பேன். அத்தைக்கு ஷோகேஸ் நிறைய இருக்க, எனக்கென்று ஒன்றுகூட இல்லை என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன்.

மாமா அந்த முதல் வருஷ ஆடியில் வந்தார். அவர் வீட்டில் இருக்கும்போது ஷோகேஸ் பூட்டியே கிடக்கும். "கண்ட எடத்துலயும் கண்டதையும் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு. நம்ம சட்டியிலயே போடு" என்பார். நம்ம சட்டி என்பது கைப்பிடி இல்லாத, அடி கறுத்த அலுமினியச் சட்டி. பாலும் தூளும் தட்டிய இஞ்சியும் ஒன்றாகப் பொங்கும், இடுக்கியால் பிடித்து இறக்குவாள். ஆக, அலுமினியச் சட்டி ஏறினால் மாமா கரையில் இருக்கிறார். அதுவும் அந்த வழக்கத்தில் ஒரு பகுதி.

அந்த நாள்களில் வீடு வேறு வீடாக இருந்தது. அத்தை பேசினாள். பேசியது மட்டுமல்ல, சிரித்தாள். மாமா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் டீயைச் சாசரில் ஊற்றுவார். பொறை ரொட்டியைக் கிள்ளி ஒரு துண்டு அதில் போடுவார். பிறகு குனிந்து, ஓரத்திலிருந்து மெதுவாக ஊதுவார். பொறைக் கப்பல் அலையில் ஆடி ஆடி எதிர்க்கரைக்குப் போகும். "பூம்ம்ம்" என்று சங்கு ஊதிவிட்டுக் கப்பலை என் வாயில் போடுவார். அப்படி ஊதத் தெரிந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று நினைத்தேன். கிளம்பும்போது என் குறையைச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். "துபாய் கெட்டில்தானே? அடுத்த வாட்டி வரும்போது உன் கையில இருக்கும் பாப்பா" என்றார்.

அடுத்த வாட்டி பொங்கலுக்கு என்று பேச்சு. பொங்கலுக்கு வரவில்லை, காண்ட்ராக்டை நீட்டிவிட்டார்களாம். சித்திரைக்கு என்றார், அதுவும் தள்ளிப்போனது. நான் ஐந்தாம் வகுப்புக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் தவறாமல் வந்தது, கெட்டில்களும் மாறிக்கொண்டே இருந்தன. மொராக்கோ போன மறுவாரம் ஜப்பான் வந்தது. பள்ளிக்கூடத்து உலகப்படத்தில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். நடுவில் எவ்வளவோ கடல் இருந்தது. ஒரு வாரத்தில் கப்பல் இவ்வளவு தூரம் போகுமா என்று அத்தையைக் கேட்டேன். "இப்பல்லாம் கப்பல் ஸ்பீடாப் போவுது" என்றாள். சொல்லிவிட்டு, ஒருத்தர் ஜாக்கெட்டின் கையை வேறு யாருடைய ஜாக்கெட்டிலோ வைத்துத் தைத்து, பிறகு பிரித்தாள்.

எதிர்வீட்டு அக்கா துணி வாங்க வரும்போதெல்லாம் கேட்பாள், என்ன அண்ணி, கப்பல் இன்னும் கரைக்கு வரலியா என்று. அத்தை நிமிர்ந்து, மேடையில் இருக்கும் கெட்டிலைக் கண்ணால் காட்டுவாள். "துருக்கில இருக்காரு. இந்தப் பொங்கலுக்கு வந்துருவாரு." இந்தப் பொங்கலுக்கும் அவர் வராவிட்டால் தெரு என்ன பேசும் என்பது அவள் கவலை. அவர் வராவிட்டால் என் கெட்டில் என்ன ஆகும் என்பது என் கவலை. எங்கள் இரண்டு பேரின் பிழைப்பும் அந்த ஒரு கப்பலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டை சின்னதாகி நான் நின்றால், கையை இழுத்து அளவெடுத்துக்கொண்டே சொல்வாள், "இப்புடி வளந்துக்கிட்டே போனா உங்க மாமாவுக்கு உன்ன அடையாளமே தெரியாது, போ."

அந்த வருஷம் குழந்தைகள் தினத்துக்குச் சிதம்பரத்தில் ஓவியப் போட்டி நடந்தது. எங்கள் டிராயிங் சார் எங்களில் சிலரை பஸ்ஸில் அழைத்துப்போனார். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அம்மா யாராவது கூடவே வந்து, நனையாமல் குடை பிடித்து, பென்சில் சீவிக் கொடுத்தார்கள். எனக்கு சார் சீவிக் கொடுத்தார். தலைப்பு 'எங்கள் வீடு'. நான் ஷோகேசை வரைந்தேன். எல்லாக் கெட்டிலையும் வரைந்து, கடைசியில் ஒரு இடம் காலியாக விட்டேன். பார்க்க வந்த அம்மா ஒருத்தி இது என்ன, பாத்திரக் கடையா என்று கேட்டாள். எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.

முடிந்து வெளியே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. சார் எங்களைக் கீழவீதியில் ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுக்கி நிறுத்தினார். வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் ஒருவர் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தை நான் பார்க்கவில்லை. கிளாசிலிருந்து டீயைச் சாசரில் ஊற்றுவதைத்தான் பார்த்தேன். பொறையைக் கிள்ளிப் போட்டார். குனிந்து, ஓரத்திலிருந்து மெதுவாக ஊதினார். குழந்தை கை தட்டியது. அவர் உதடு குவிந்ததிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது, இப்போது சங்கு ஊதுகிறார் என்று.

"மாமா!" என்று கத்தினேன்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். என்னைத்தான் பார்த்தார், சந்தேகமே இல்லை. கையில் சாசர் அப்படியே நின்றது. நடுவில் ஒரு மினி பஸ் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயிற்று. அது போவதற்குள் பக்கத்துக் காய்கறிக் கடையிலிருந்து ஒரு அக்கா குடையோடு வந்துவிட்டார்கள். மாமா குழந்தையைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டு, அவர்கள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, அந்தக் குடைக்குள் புகுந்து கோயில் சந்நிதிப் பக்கமாக நடந்தார். வேகமாக நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு என்ன தோன்றியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சந்தோஷமாக இருந்தது. அத்தை சொன்னது பலித்துவிட்டது, மாமாவுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு நான் வளர்ந்துவிட்டேன். அந்தக் குழந்தை மேல் மட்டும் கொஞ்சம் எரிச்சல். என் கப்பலை யாரைக் கேட்டு அதற்குக் கொடுத்தார்? ஆனால் மாமா கரைக்கு வந்தாயிற்று. கையில் காய்கறிப் பை மட்டும்தான் இருந்தது, கெட்டில் பெட்டியில் இருக்கும். புதுச்சத்திரம் தாண்டி பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனபோது, எனக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய்விடுவாரே என்று பஸ்காரர் மேல் கோபம் கோபமாக வந்தது.

வீட்டுக்குள் ஓடினால் மேடையில் துருக்கிக் கெட்டில் ஏறியிருந்தது.

"அத்தே, மாமா வரலியா?"

"துருக்கில இருக்கறவரு எப்புடிடி வருவாரு?" அத்தை துணியில் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கீழவீதி, டீக்கடை, மழை, குடை. அத்தை கோடு இழுப்பதை நிறுத்தவில்லை. வேற யாராச்சும் இருக்கும், ஒரே ஜாடையில எத்தினியோ பேர் இருக்காங்க என்றாள். பிறகு நிமிராமலே கேட்டாள்.

"எதுல குடிச்சாரு?"

"கிளாஸ்ல. பால் டீ."

"புள்ளைக்கு?"

"சாசர்ல ஊத்தி, பொறையப் போட்டு, கப்பல் விட்டாரு அத்தே."

சுண்ணக்கட்டி நின்றது. என் தலை நனைந்திருந்தது. வழக்கமாக அத்தை அதைத்தான் முதலில் கவனிப்பாள், அன்றைக்குக் கவனிக்கவில்லை. எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். துருக்கிக் கெட்டில் இரண்டையும் தொட்டியில் கவிழ்த்தாள். ஷோகேசைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கொல்லையில் உட்கார்ந்து, மழைத் தூறலில், புளியும் சாம்பலும் சோப்பும் போட்டு எல்லாவற்றையும் தேய்க்க ஆரம்பித்தாள். மாமா வருவதற்காகத்தான் சுத்தம் செய்கிறாள் என்று நானும் பக்கத்தில் குந்தித் தண்ணீர் ஊற்றினேன். மண் கெட்டிலை எடுத்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. உள்ளே விரலைவிட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். பழுப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

"அதுக்கு சோப்பு போடக்கூடாது அத்தே. மாமா திட்டுவாரு."

"திட்டட்டும்" என்றாள். "வந்து திட்டட்டும்."

கழுவியதையெல்லாம் துடைத்து, பழைய சாக்கில் சுற்றி, ஸ்டூல் போட்டுப் பரணில் ஏற்றினாள். இறங்கி வந்து முகம் கழுவிக்கொண்டாள். பிறகு மேடைக்கு அடியிலிருந்து அலுமினியச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள். பால் ஊற்றினாள், இஞ்சி தட்டிப் போட்டாள்.

எனக்குப் பிடிபடவில்லையா என்ன? அந்த வீட்டின் வழக்கம் எனக்கு அத்துப்படி. அலுமினியச் சட்டி ஏறினால் மாமா கரையில் இருக்கிறார். நான் சொன்னதை அத்தை நம்பிவிட்டாள். ஓடிப்போய் மூன்று டம்ளர் எடுத்து வரிசையாக வைத்தேன். அத்தை அந்த மூன்றாவது டம்ளரைப் பார்த்தாள். மூன்றிலும் ஊற்றினாள். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். அவளுக்குப் பிடித்த டீ அதுதான், ஆனாலும் முகம் மருந்து குடிக்கிற முகமாகவே இருந்தது.

மாமாவின் டம்ளரை ஒரு தட்டால் மூடி எடுத்துக்கொண்டு வாசல் கேட்டருகே போய் நின்றேன். தெருவில் வருகிற ஒவ்வொரு குடையையும் பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா ஜன்னலிலிருந்து யாருக்குடி காத்துருக்க என்று கேட்டாள். "மாமா வந்துட்டாரு" என்று உரக்கச் சொன்னேன். பின்னால் அத்தையின் மிஷின் ஓடத் தொடங்கியது. டீயின் மேல் ஆடை படிந்தது. அதை ஊதி ஓரம் தள்ளிவிட்டு மறுபடி மூடினேன்.

மறுநாளும் அலுமினியச் சட்டிதான். அதற்கடுத்த நாளும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது அத்தை எழுந்திருக்கவில்லை, அது அடித்து ஓய்ந்தது. பொங்கல் வந்து போயிற்று. தினமும் சாயங்காலம் ஒரு டம்ளரோடு நான் வாசலில் நின்றேன். துபாய்க் கெட்டில் எப்படி இருக்கும், மூக்கு நீளமா குட்டையா என்று நினைத்துக்கொண்டே நின்றேன். சிதம்பரத்திலிருந்து முதுநகருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நானே போய்விட்டு வந்திருக்கிறேன். ஜப்பானிலிருந்தெல்லாம் வழி தெரிந்து வந்த மாமாவுக்கு, இந்த ஒரு வழி மட்டும் எப்படி மறந்துபோனது என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.